ஆயுதக் கிடங்கில் தேடும் தற்சார்பு

ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசுவதற்காக 1899ஆம் ஆண்டு பல நாடுகள் ஒன்றுகூடிய நகரம் ஹேக். சர்வதேச நீதிமன்றம் அமைந்திருப்பதும் அங்கேதான். அதே நகரில் 2025 ஜூன் 24, 25 தேதிகளில் கூடிய நேட்டோ உச்சி மாநாடு, உறுப்பு நாடுகள் 2035ஆம் ஆண்டுக்குள் தத்தமது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. இதில் 3.5 சதவீதம் நேரடியாகப் படைகளுக்கும் ஆயுதங்களுக்கும் உரியது. எஞ்சிய 1.5 சதவீதம் ராணுவத் தேவையோடு இணைந்த சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கானது. 2014இல் நிர்ணயிக்கப்பட்ட இலக்கு 2 சதவீதம். அதனையே எட்டுவதற்குப் பல நாடுகள் திணறிவந்த நிலையில், பதினோரே ஆண்டுகளில் அது இரண்டரை மடங்காக்கப்பட்டிருக்கிறது.

இந்த முடிவை ஐரோப்பிய ஆட்சியாளர்கள் ஐரோப்பாவின் ‘சொந்தக் காலில் நிற்கும்’ முயற்சியாகச் சித்திரிக்கிறார்கள். ‘போர்த்தந்திர சுயாட்சி’ என்பது பிரஸ்ஸல்ஸ் ஆவணங்களில் தவறாமல் இடம்பெறும் சொற்றொடராகிவிட்டது. அமெரிக்கா கைவிடக்கூடும், ரஷ்யா அச்சுறுத்துகிறது, சீனா வளர்ந்துவிட்டது, ஆகவே ஐரோப்பா ஆயுதமேந்தித் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் வாதம். மேலோட்டமாகக் கேட்போருக்கு இது நியாயமாகவும் தோன்றலாம். வாஷிங்டனின் பிடியிலிருந்து ஐரோப்பா விலகுவது பல்துருவ உலகை நோக்கிய முன்னேற்றம்தானே என்று முற்போக்கு எண்ணம் கொண்டோரிலும் சிலர் கருதக்கூடும். ஆனால் ஐந்து சதவீதம் என்ற எண்ணை முன்வைத்து வலியுறுத்தியவர் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் என்பதை மறந்துவிடக் கூடாது. எசமானன் இட்ட கட்டளையை நிறைவேற்றுவதற்குச் சுயாட்சி என்று பெயர் சூட்டுவது விந்தையே. 2.1 சதவீதம் போதும் என்று கூறிய ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸை, வர்த்தகத்தில் இருமடங்கு விலை கொடுக்க வைப்பேன் என்று டிரம்ப் வெளிப்படையாகவே மிரட்டினார். மற்ற தலைவர்கள் வாய் திறக்கவில்லை.

பழைய கனவும் பழைய கட்டும்

ஐரோப்பிய சுயாட்சி பற்றிய பேச்சு புதியதன்று. மேற்கு ஜெர்மனியை மீண்டும் ஆயுதபாணியாக்கி ஒரு கூட்டு ஐரோப்பிய ராணுவத்துக்குள் இணைக்கும் ஒப்பந்தத்தை 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் நிராகரித்தது. கம்யூனிஸ்டுகளும் டி காலின் ஆதரவாளர்களும் வெவ்வேறு நோக்கங்களோடு அதனை எதிர்த்து நின்றனர். அதனால் வாஷிங்டன் ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டே மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்க்கப்பட்டது. 1966இல் டி கால் நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கிக்கொண்டார். 2009இல் சர்கோசி அதே தலைமையின் கீழ் பிரான்சைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2003இல் இராக் மீதான ஆக்கிரமிப்பை பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தபோது பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி, போலந்து ஆகியவை புஷ்ஷின் பக்கம் நின்றன. ஐரோப்பாவின் முதலாளித்துவ ஆளும் வர்க்கங்களுக்கிடையே ஒரே நலன் என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே அமெரிக்காவோடு முரண்பட்ட ஒவ்வொரு தருணமும் இறுதியில் சமரசத்திலேயே முடிந்திருக்கிறது.

வாஷிங்டனிலிருந்து விலகி நின்ற தருணங்களிலும், முன்னின்று செயல்பட்ட தருணங்களிலும் இவர்கள் சமாதானத்தின் தூதர்களாக இருந்துவிடவும் இல்லை. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது படையெடுத்தவை பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும்தான். 2011இல் லிபியா மீது குண்டு வீசுவதில் முன்னின்றவை பிரான்சும் பிரிட்டனும். மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகள் 2022, 2023 ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகளை வெளியேற்றியதற்குப் பின்னால் காலனியாதிக்கத்தின் நீண்ட வரலாறு இருக்கிறது. எனவே அமெரிக்க ஏகாதிபத்தியத்துக்கு மாற்றாக ஐரோப்பிய ஏகாதிபத்தியத்தைக் கண்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

அச்சம் உண்மையானது, மருந்து பொய்யானது

உக்ரைன் மீது 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா தொடுத்த போர், ஓர் இறையாண்மை கொண்ட நாட்டின் மீதான படையெடுப்பு. ஐ.நா. சாசனத்தை மீறிய அச்செயலை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. இன்றைய ரஷ்யா சோவியத் ஒன்றியமல்ல. பெருமுதலாளிகளின் நலனைக் காக்கும் ஓர் அரசு அங்கே ஆட்சியில் இருக்கிறது. போலந்திலும் பால்டிக் நாடுகளிலும் சாதாரண மக்கள் கொண்டிருக்கும் அச்சத்தை வெறும் பிரச்சாரத்தின் விளைவு என்று இடதுசாரிகள் ஒதுக்கிவிடவும் கூடாது.

எனினும் போருக்கு இட்டுச்சென்ற பாதையை மறைத்துவிட்டுத் தீர்வு காண இயலாது. 1949இல் 12 நாடுகளோடு தொடங்கிய நேட்டோவில் பனிப்போர் முடிந்த காலத்தில் 16 உறுப்பினர்கள் இருந்தனர். வார்சா ஒப்பந்த அமைப்பு கலைக்கப்பட்ட பிறகு அதற்கு எதிராக நின்ற அமைப்பும் கலைந்திருக்க வேண்டும். மாறாக இன்று அதில் 32 நாடுகள் இருக்கின்றன. 1999இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் அனுமதியின்றி யூகோஸ்லாவியா மீது 78 நாட்கள் நேட்டோ குண்டு வீசியது. 2008இல் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர்களாகும் என்று அறிவிக்கப்பட்டது. இது ஆபத்தான பாதை என்று ஜெர்மனியும் பிரான்சும் தயங்கின. ஆயினும் இறுதி அறிக்கையில் கையொப்பமிட்டன. அவ்விரு நாடுகளின் முயற்சியில் 2015இல் உருவான இரண்டாவது மின்ஸ்க் உடன்பாடு நடைமுறைக்கு வராமலே போயிற்று. ஐரோப்பா தன் சொந்த அறிவின்படி செயல்பட்டிருக்க வேண்டிய தருணங்கள் இவையே. அன்று தேவைப்பட்டது துணிவு. ஆயுதப் பற்றாக்குறை அன்றும் இருக்கவில்லை.

இன்றும் இல்லை. ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் நேட்டோவின் ஐரோப்பிய உறுப்பு நாடுகள் மட்டும் ராணுவத்துக்குச் செலவிட்ட தொகை 45,400 கோடி டாலர். ரஷ்யாவின் செலவு 14,900 கோடி டாலர் என அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. ரஷ்யாவில் விலையும் கூலியும் குறைவு என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாதுதான். ஆயினும் ஐரோப்பா நிராயுதபாணியாக நிற்கிறது என்ற சித்திரம் பொய்யானது என்பதற்கு இது போதும்.

யாருக்கு ஆதாயம்?

2025 மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் 80,000 கோடி யூரோ மதிப்பிலான மறுஆயுதத் திட்டத்தை அறிவித்தார். அதில் 15,000 கோடி யூரோ, உறுப்பு நாடுகளுக்கு ஆயுதம் வாங்க வழங்கப்படும் கடன். மீதி 65,000 கோடி யூரோ, அரசுகளின் நிதிப் பற்றாக்குறைக்கான வரம்பைத் தளர்த்துவதன் மூலம் திரட்டப்படும். இந்த வரம்பைத்தான் 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் கிரேக்க மக்களின் கழுத்தில் சுருக்காக மாட்டினார்கள். ஓய்வூதியம் வெட்டப்பட்டது, மருத்துவமனைகள் நலிந்தன, 2015 ஜூலையில் கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பில் அம்மக்கள் ‘முடியாது’ என்று தீர்ப்பளித்த பிறகும் சிக்கன நடவடிக்கை திணிக்கப்பட்டது. மருந்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அசைந்து கொடுக்காத விதி, பீரங்கிக்கு மட்டும் வளைந்து கொடுக்கிறது.

இவ்வாறு திரட்டப்படும் பணம் எங்கே போகும்? அதே ஸ்டாக்ஹோம் நிறுவனத்தின் தரவுகளின்படி 2020–24 காலத்தில் நேட்டோவின் ஐரோப்பிய நாடுகள் இறக்குமதி செய்த ஆயுதங்களின் அளவு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. அவற்றில் 64 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. முந்தைய ஐந்தாண்டுகளில் இது 52 சதவீதமாக இருந்தது. சுயாட்சி பற்றிய முழக்கம் உரக்க ஒலித்த ஆண்டுகளில் சார்பு கூடியிருக்கிறது. பல ஐரோப்பிய நாடுகள் வாங்கிக் குவிக்கும் எஃப்-35 போர் விமானத்துக்கு உதிரிபாகமும் மென்பொருள் புதுப்பிப்பும் அமெரிக்காவிலிருந்தே வர வேண்டும். ஒருகாலத்தில் உக்ரைனுக்கு ஆயுதத்தை உதவியாக அளித்த அமெரிக்கா, 2025 ஜூலைக்குப் பிறகு அதனை ஐரோப்பிய நாடுகளுக்கு விலைக்கு விற்று, அவற்றின் செலவில் உக்ரைனுக்கு அனுப்பச் செய்கிறது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்ற பழமொழிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது.

வர்த்தகத்திலும் இதுவே கதை. 2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தில் டிரம்ப்புக்குச் சொந்தமான கோல்ஃப் விடுதிக்கே சென்று வான் டெர் லெயன் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, ஐரோப்பியப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு 15 சதவீத சுங்கவரி விதிக்கப்படும். பதிலுக்கு ஐரோப்பா 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிசக்தியை வாங்கும். அமெரிக்காவில் 60,000 கோடி டாலர் முதலீடு செய்யும். அமெரிக்க ஆயுதங்களையும் கூடுதலாக வாங்கும். ரஷ்ய எரிவாயுவைச் சார்ந்திருப்பது ஆபத்து என்று கூறிக் குழாயை மூடியவர்கள், அதைவிட விலை கூடிய அமெரிக்கத் திரவ எரிவாயுவைச் சார்ந்திருக்கத் தாமே முன்வந்திருக்கிறார்கள். இதனால் நலிவது ஜெர்மனியின் இரசாயன, உருக்குத் தொழில்களும் அவற்றை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும்.

சீனாவுடனான உறவிலும் ஐரோப்பா தன் தேவையைத் தானே தீர்மானிக்கவில்லை. 2019இல் சீனாவை ஒரே நேரத்தில் கூட்டாளி, போட்டியாளர், அமைப்புரீதியான எதிரி என மூன்று விதமாகவும் வருணித்த ஐரோப்பிய ஒன்றியம், 2020 டிசம்பரில் அதனோடு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை இறுதி செய்து, சில மாதங்களிலேயே கிடப்பில் போட்டது. வாஷிங்டனின் நெருக்குதலால் நெதர்லாந்து தன் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தின் நவீன சில்லு தயாரிப்பு எந்திரங்களைச் சீனாவுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியது.

இவ்வளவு பணிந்தும் பெற்ற மரியாதை என்ன? 2025 பிப்ரவரியில் ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உக்ரைன் போர் பற்றிப் பேசியபோது உக்ரைனுக்கும் இடமில்லை, ஐரோப்பாவுக்கும் இடமில்லை. நேட்டோவின் தொடக்ககால உறுப்பினரான டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்ட கிரீன்லாந்தைக் கைப்பற்ற ராணுவ பலத்தைப் பயன்படுத்துவதையும் தள்ளுபடி செய்ய முடியாது என்று டிரம்ப் கூறினார். வேலியே பயிரை மேயப் புறப்பட்டுவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் வெளியான அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு உத்தி ஆவணம், ஐரோப்பாவின் நாகரிகமே அழிவை நோக்கிச் செல்வதாக இகழ்ந்ததோடு, அங்குள்ள தீவிர வலதுசாரிக் கட்சிகளின் வளர்ச்சியை மெச்சுகிறது. இக்கட்சிகளில் ஒன்றான ‘ஜெர்மனிக்கான மாற்று’ 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 சதவீத வாக்கு பெற்று இரண்டாமிடம் பிடித்தது. இன்று குவிக்கப்படும் ஆயுதங்கள் நாளை யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படியும் என்ற கேள்வியை ஐரோப்பிய சமூக ஜனநாயகவாதிகள் எழுப்பவே அஞ்சுகிறார்கள்.

விலை கொடுப்போர்

2024 டிசம்பரில் நேட்டோ பொதுச்செயலாளர் மார்க் ருட்டே, ஐரோப்பிய நாடுகள் தேசிய வருமானத்தில் கால் பங்கு வரை ஓய்வூதியம், மருத்துவம், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் செலவிடுவதாகவும், அதில் ஒரு சிறு பகுதி பாதுகாப்புக்குத் தேவை என்றும் பேசினார். அந்தச் ‘சிறு பகுதி’ எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நாடுவாரியாகக் காணலாம்.

டென்மார்க்கில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த ‘பெரும் பிரார்த்தனை நாள்’ என்ற பொது விடுமுறை, ராணுவச் செலவை ஈடுகட்டும் பொருட்டு 2024 முதல் ஒழிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் கோபன்ஹேகனில் நடத்திய பேரணியில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டும் அரசு செவிசாய்க்கவில்லை. பிரிட்டனில் தொழிற்கட்சிப் பிரதமர் கீர் ஸ்டார்மர், ராணுவச் செலவை 2.5 சதவீதமாக உயர்த்துவதற்காக, ஏழை நாடுகளுக்கான வளர்ச்சி உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாக வெட்டினார். ஜெர்மனியில் 2009 முதல் அரசியல் சட்டத்தில் உள்ள கடன் வரம்பு, 2025 மார்ச்சில் திருத்தப்பட்டது. தேர்தலில் புதிய நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு, அது கூடுவதற்குள், காலாவதியாகும் பழைய நாடாளுமன்றத்தைக் கூட்டி இத்திருத்தத்தை நிறைவேற்றினார்கள். இதன்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கு மேற்பட்ட ராணுவச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. உள்கட்டமைப்புக்கோ 12 ஆண்டுகளுக்கு 50,000 கோடி யூரோ என்று தொகையும் காலமும் வரையறுக்கப்பட்டுள்ளன.

பிரான்சில் மேக்ரான் 2025 ஜூலை 13 அன்று ராணுவத்துக்குக் கூடுதல் நிதி அறிவித்தார். இரண்டே நாட்களில் பிரதமர் பேரூ 4,380 கோடி யூரோ சிக்கனத் திட்டத்தை முன்வைத்தார். இரண்டு பொது விடுமுறைகளை ஒழிப்பதும் அதில் அடங்கும். அவற்றில் ஒன்று மே 8, பாசிசத்தை முறியடித்த வெற்றி நாள். பாசிசத்தை வென்ற நாளைத் தொழிலாளியிடமிருந்து பறித்துச் சிக்கனம் பேசும் துணிவு ஐரோப்பிய ஆளும் வர்க்கத்துக்கு வந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய நிகழ்வு ஜெர்மனியின் கிழக்கு எல்லையிலுள்ள கோர்லிட்ஸ் நகரில் நடந்தது. தலைமுறை தலைமுறையாக ரயில் பெட்டிகளைக் கட்டிவந்த ஆலை அங்கே மூடப்படும் நிலைக்கு வந்தது. கே.என்.டி.எஸ். என்ற ஆயுத நிறுவனம் அதனை எடுத்துக்கொண்டு, கவச வாகனங்களுக்கும் டாங்கிகளுக்கும் பாகங்கள் செய்ய 2025 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வேலை உறுதி அளிக்கப்பட்டது. வேலை போய்விடும் என்று அஞ்சி நின்ற தொழிலாளி இதனை ஏற்றுக்கொண்டதைக் குறை கூறுவதற்கில்லை. பொதுப் போக்குவரத்துக்குப் பெட்டிகள் தேவைப்படும் ஒரு நாட்டில் அவற்றைச் செய்யும் ஆலைக்கு அரசு கைகொடுக்காமல், டாங்கிக்கு மட்டும் கருவூலத்தைத் திறந்துவிடுவதுதான் குற்றம். உழைப்பாளியின் வாழ்க்கையைப் போரோடு பிணைத்துவிட்டால் சமாதானத்தை அவனே எதிர்ப்பான் என்று மூலதனம் கணக்குப் போடுகிறது. இக்கணக்கை முறியடிக்க ‘ஆயுதம் வேண்டாம்’ என்ற முழக்கம் மட்டும் போதாது. அந்த ஆலையில் எதனைச் செய்வது, அதற்கான முதலீடு எங்கிருந்து வருவது என்ற மாற்றுத் திட்டமும் தொழிலாளி வர்க்க இயக்கத்தின் கையில் இருக்க வேண்டும்.

எதிர்ப்பின் குரல்

இம்மாற்றுக்கான போராட்டம் தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தில் ஓய்வூதிய வெட்டுக்கு எதிராக 2025 மார்ச் 31 அன்று பொது வேலைநிறுத்தம் நடந்தது. தொடர்ந்தும் போராட்டங்கள் நடந்துவருகின்றன. பிரான்சில் பேரூவின் அரசு செப்டம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. அதே மாதம் தொழிற்சங்கங்கள் வீதிக்கு வந்தன. பிரான்சின் மார்செய் அருகே ஃபோஸ் துறைமுகத் தொழிலாளர்கள் இஸ்ரேலுக்குச் செல்லவிருந்த ராணுவத் தளவாடங்களை ஏற்ற மறுத்தனர். இத்தாலியில் காசா மக்களுக்கு ஆதரவாக செப்டம்பர் 22, அக்டோபர் 3 தேதிகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன.

காசாதான் ஐரோப்பாவின் முகத்திரையைக் கிழித்தது. ரஷ்யா மீது 2025 இறுதிக்குள் 19 தடைத் தொகுப்புகளை விதித்த ஐரோப்பிய ஒன்றியம், இஸ்ரேலுடனான கூட்டு ஒப்பந்தத்தின் வர்த்தகச் சலுகைகளைக்கூட நிறுத்திவைக்கவில்லை. நெதன்யாகுவுக்கு எதிராக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்த பிறகும், அவர் ஜெர்மனிக்கு வந்து செல்ல வழி காணப்படும் என்றார் மெர்ஸ். ‘விதிகளின் அடிப்படையிலான உலக ஒழுங்கு’ என்று இவர்கள் ஓதுவதை ஆசியாவும் ஆப்பிரிக்காவும் லத்தீன் அமெரிக்காவும் இனி எப்படி நம்பும்?

ஐரோப்பாவுக்கு வேறு பாதையே இல்லை என்பதும் உண்மையன்று. 1975இல் ஹெல்சிங்கியில் எல்லைகளை மதிப்பது பற்றி இரு முகாம்களும் கையொப்பமிட்டன. 1987இல் ஏற்பட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தத்தால் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஐரோப்பிய மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கி அணு ஆயுதத்தை எதிர்த்த காலத்தின் கனி அது. அந்த ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2019இல் வெளியேறியது. பின்னர் ஜெர்மனியில் நெடுந்தூர ஏவுகணைகளை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. ரஷ்யாவையும் உள்ளடக்கிய பொதுப் பாதுகாப்பு ஏற்பாடு, உக்ரைனின் இறையாண்மைக்கு உத்தரவாதம், ஏவுகணைக் கட்டுப்பாடு, நேட்டோ விரிவாக்கத்துக்கு முற்றுப்புள்ளி ஆகியவற்றை முன்வைத்துப் பேச்சுவார்த்தைக்குத் தாமே முன்முயற்சி எடுப்பதுதான் ஐரோப்பாவின் உண்மையான சுயாட்சியாக இருக்கும்.

நமக்கான எச்சரிக்கை

இது தொலைதூரக் கண்டத்தின் கதையன்று. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த தடைகளில், குஜராத்தின் வாடிநாரில் உள்ள நயாரா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் சிக்கியது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று கூறி, ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான சுங்கவரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியது. இவ்வளவு அவமதிப்புக்குப் பிறகும் மோடி அரசு அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் பத்தாண்டுப் பாதுகாப்புக் கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. 2016 முதல் 2020 வரை அடுத்தடுத்துச் செய்துகொண்ட தளவாட, தகவல் தொடர்பு, புவியியல் தரவு ஒப்பந்தங்களின் தொடர்ச்சியே இது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவுடன் பாதுகாப்புக் கூட்டாண்மை வேண்டும் என்று 2025 செப்டம்பரில் முன்மொழிந்தது.

வல்லரசின் நிழலில் நின்றால் பாதுகாப்பு கிட்டும் என்று எழுபத்தைந்து ஆண்டுகள் நம்பிய ஐரோப்பா இன்று எங்கே நிற்கிறது என்பதை நம் ஆட்சியாளர்கள் கண் திறந்து பார்க்க வேண்டும். செல்வமும் தொழில்நுட்பமும் அணு ஆயுதமும் இருந்தும் தன் தலைவிதியைப் பேசும் மேசையில் அதற்கு இடமில்லை. ஆயுத இறக்குமதி சுயாட்சியைத் தராது. தன் மக்களின் நலனையும் அண்டை நாடுகளுடனான நல்லுறவையும் அடித்தளமாகக் கொண்ட சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையே அதனைத் தரும். அணிசேராக் கொள்கை பழங்கதை என்று ஏளனம் செய்வோருக்கு ஐரோப்பாவின் இன்றைய நிலையே பதில்.

ஆகவே, ராணுவ ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தில் முழுமையாக வைத்து விவாதிக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கட்சி அணிகள் மக்களிடம் எடுத்துச்செல்ல வேண்டும். போர் பற்றியும் சமாதானம் பற்றியும் பேசுவது வெளியுறவு வல்லுநர்களின் தனிவேலை என்ற எண்ணம் தொழிற்சங்கக் கூட்டங்களிலிருந்தும் விவசாயிகள் சங்கக் கூட்டங்களிலிருந்தும் நீங்க வேண்டும். கோபன்ஹேகனில் ஒரு விடுமுறை நாளும், பாரிசில் ஓய்வூதியமும், லண்டனில் ஏழை நாடுகளுக்கான உதவியும் பீரங்கிக்குப் பலியிடப்படுவதைக் காண்கிறோம். அத்தகைய பட்டியலில் இந்திய உழைப்பாளியின் ரேஷனும் கூலியும் இடம்பெறாமல் தடுக்கும் போராட்டமும் சமாதானத்துக்கான போராட்டமும் வேறுவேறல்ல.